அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்: பிறக்கும் குழந்தைக்கு விடுதலை கேட்ட நீதியரசர்

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். வைத்தியர் என்பதால் மருத்துவத்துறைப் பெண்மணி ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தெரிந்தெடுத்தவர் ஒரு நீதிபதி, அதிலும் ஓர் ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி. அதற்குக் காரணம் உண்டு. நம் பள்ளியில் சரித்திரம் படித்த காலத்தில் ஆபிரகாம் லிங்கனையும் வில்பர்போர்சையும் மனனம் செய்தோம். அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களில் ஆபிரிக்கர் பட்ட துயரைப் படித்துப் பரீட்சையில் விடை எழுதினோம். ஆனால், பள்ளி பஸ் நாள்தோறும் கடந்து சென்ற கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ஏன் அடிமைத் தீவு என்று பெயர் என யாரும் கேட்கவும் இல்லை, சொல்லித்தரவும் இல்லை. அந்தப் பெயரின் கதையோடு சேர்ந்தவர்தான் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன்.

மதுரையில் வளர்ந்த பிள்ளை

ஜோன்ஸ்டன் 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி ஸ்கொத்லாந்தின் டம்பிரீஸ் பகுதியிலுள்ள கான்சலொக்கில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஜோன்ஸ்டன் சென்னை அரசாங்கத்தில் பணிபெற்று மதுரைக்கு வந்தார். தாயார் ஹெஸ்டர், நேப்பியர் பிரபுவின் மகள். மடக்கை எனப்படும் கணித முறையைக் கண்டறிந்த ஜோன் நேப்பியர் பிறந்த குடும்பம் அது. இந்துக்களின் கணித அறிவைப் பற்றி அறிவதில் அந்த அம்மையாருக்குப் பெரும் ஆர்வம் இருந்தது. மதுரையில் அவருடைய வீட்டில் பண்டிதர்கள் கூடினர். தென்னிந்தியச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் பெருந்தொகையாகச் சேகரித்துப் புகழ்பெற்ற கொலின் மக்கன்சி, அந்தப் பணிக்கான தூண்டுதலை அங்கேதான் பெற்றார்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குத் தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் இளமையிலேயே பழக்கமாயின. தஞ்சாவூரில் பெயர்பெற்ற சுவார்ட்ஸ் பாதிரியாரும் பின்னாளில் சென்னை ஆளுநரான தோமஸ் மன்றோவும் அவனுக்குக் கல்வி புகட்டியவர்கள். பின்னர் ஐரோப்பாவுக்குத் திரும்பி, ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று, லண்டனில் சட்டம் படித்து, 1800இல் பரிஸ்டர் ஆனார்.

1799இல் லூயிசா கம்பெல் என்பவரை மணந்தார். அந்த அம்மையாரின் தந்தையார் வில்லியம் கம்பெல் பிரபு, அமெரிக்காவின் தென் கரோலினாவுக்குப் பிரித்தானியா அனுப்பிய கடைசி ஆளுநர். தாய்வழியினரோ சார்ள்ஸ்டன் நகரின் பெருஞ்செல்வம் படைத்த தோட்டக்காரர். அந்தச் செல்வம் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சதுப்பு நிலங்களில் நெல் விளைவித்துத் தந்தது. அடிமை முறையை எதிர்த்த ஒருவர், அடிமைகளின் உழைப்பால் உயர்ந்த குடும்பத்தில் பெண்ணெடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நூற்றாண்டில் கப்பல் ஓடிய இடமெல்லாம் இந்த வியாபாரத்தின் கறை படியாத வீட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அவர் வந்து இறங்கிய கொழும்பு

1802இல் ஜோன்ஸ்டன் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தரிடமிருந்து கரையோரப் பகுதிகளைப் பிரித்தானியர் கைப்பற்றி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்டியில் இன்னும் அரசன் இருந்தான்.

கொழும்பு அப்போது அடிமைகள் நிறைந்த ஊர். போர்த்துக்கேயர் மொசாம்பிக் கரையிலிருந்தும் கோவாவின் ஊடாகவும் ஆபிரிக்கரைக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தக் கொம்பனி அவர்களைக் கொண்டும் வேறு அடிமைகளைக் கொண்டும் கோட்டை வேலையையும் துறைமுக வேலையையும் நடத்தியது. பகல் முழுவதும் கோட்டையில் உழைத்தவர்கள் மாலையில் பேரை வாவியின் மறுபுறத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூன்று புறமும் நீர் சூழ்ந்த அந்த நிலத்துண்டுதான் அடிமைத் தீவு. தமிழிலும் சிங்களத்திலும் அதற்குக் கொம்பனியின் பெயர் நிலைத்தது. ஆங்கிலத்தில் அங்கே அடைக்கப்பட்டவர்களின் நிலை பெயராக நின்றுவிட்டது.

ஆபிரிக்கர் மட்டுமல்ல. ஜாவா, பாலி, கொச்சி, வங்காளம் ஆகிய இடங்களிலிருந்தும் ஆட்கள் விற்கப்பட்டு வந்தனர். நம்மவர்களும் வந்தனர். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் நாகபட்டினத் துறை அடிமைச் சந்தையாக மாறியது. 1694க்கும் 1696க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் அந்தக் கரையிலிருந்து 3,800க்கு மேற்பட்டோர் அடிமைகளாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். பசியில் பிள்ளையை விற்ற தாய்மார் தமிழ் பேசியவர்கள். வாங்கியவர்களின் வீடுகளில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் சந்ததி யார் என்று இன்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பிரித்தானியர் வந்தவுடன் இது ஓய்ந்துவிடவில்லை. முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்திலேயே படைக்குப் போர்வீரர் வேண்டுமென்று ஆபிரிக்கர் விலைக்கு வாங்கப்பட்டனர். கண்டிப் போர்களில் அவர்கள் இரத்தம் சிந்தினர். அவர்களின் வழிவந்தோர் சிலர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். காப்பிரியர் என்று நாம் அழைக்கும் அவர்களின் மஞ்சா ஆட்டத்தை விழா மேடைகளில் பார்த்துக் கைதட்டியிருப்போம்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு விதமானது. அங்கே அடிமைகளுட் பெரும்பாலானோர் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர், அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. எந்தெந்தச் சாதியார் அடிமைகள் என்று அது பெயர் சொல்லிக் கூறுகிறது. அந்தப் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அவற்றைச் சொல்லிக் காயப்படுத்துவோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜோன்ஸ்டன் காலத்தில் யாழ்ப்பாண மாகாணத்தில் பதிவான அடிமைகளின் தொகை 15,000க்கு மேல். அடிமை முறை என்பது வெள்ளைக்காரன் கறுப்பருக்குச் செய்தது என்று மட்டும் நினைத்திருப்போர் இந்தத் தொகையைச் சற்று நேரம் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்தில்

ஜோன்ஸ்டன் முதலில் அரசின் சட்ட அதிகாரியாகப் பணியாற்றினார். அந்தந்த மக்களின் வழக்கங்களை அறியாமல் தீர்ப்பு வழங்குவது நீதியாகாது என்பது அவருடைய கொள்கை. முஸ்லிம்களின் வழமைச் சட்டங்களைத் தொகுப்பதில் அவர் முன்னின்றார். தேசவழமைக்கு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி சட்ட வலுக் கொடுத்ததும் இக்காலத்தில்தான். பெண்களின் சீதன உரிமையைக் காத்த அதே நூல் அடிமை உடைமையையும் காத்தது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1809இல் இங்கிலாந்துக்குச் சென்று, இலங்கையின் நிருவாகத்தைத் திருத்துவது பற்றி அமைச்சர்களுக்கு ஆலோசனை கூறினார். சேர் பட்டமும் கிடைத்தது. 1811இல் பிரதம நீதியரசராகவும் ஆலோசனைச் சபையின் தலைவராகவும் திரும்பி வந்தார். அப்போது கொண்டுவந்தது யூரி முறை. குற்றஞ்சாட்டப்பட்ட இந்நாட்டவர் ஒருவர், தம் நாட்டவர் பதின்மூவர் முன்னிலையில் விசாரிக்கப்படும் உரிமையைப் பெற்றார். ஆசியாவில் அந்நாளில் வேறெங்கும் உள்நாட்டு மக்களுக்கு இத்தகைய உரிமை வழங்கப்பட்டதில்லை. யூரர்கள் சாதி வாரியாகவும் இன வாரியாகவும் பிரிக்கப்பட்டனர் என்பதும், பெண்களுக்கு அதில் இடமே இருக்கவில்லை என்பதும் அக்காலத்தின் குறைகள்.

அவருக்கும் லூயிசா அம்மையாருக்கும் கொழும்பில் 1812இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஹொங்கொங்கைப் பிரித்தானியர் பிடித்த தொடக்க ஆண்டுகளில் அதை நிருவகித்தவர்.

1816 ஓகஸ்ட் 12

பிரித்தானியப் பாராளுமன்றம் 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. வியாபாரம்தான் நின்றது, உடைமை நிற்கவில்லை. ஏற்கெனவே அடிமையாக இருந்தவரும் அவருக்குப் பிறக்கும் பிள்ளையும் அடிமைகளே.

இங்கேதான் ஜோன்ஸ்டன் தம் யூரர்களை நாடினார். கொழும்பின் அடிமை உடைமையாளர் பலர் அந்த யூரர் பட்டியலில் இருந்த ஒல்லாந்தர். பிரித்தானியக் குடிமகனின் மிக உயர்ந்த உரிமையை அனுபவிக்கும் நீங்கள், மற்றொரு மனிதரைச் சொத்தாக வைத்திருப்பது பொருந்துமா என்பதே அவர்களிடம் அவர் எடுத்துச் சென்ற வாதம். சட்டத்தால் பறித்தால் எதிர்ப்பு வரும், நட்டஈடு கேட்பார்கள், ஆண்டுகள் இழுபடும். அவர்களாகவே முன்வந்தால் அரசு மறுக்க முடியாது. பல ஆண்டுகள் பேசிப் பேசி அவர்களை அவர் அந்த முடிவுக்குக் கொண்டுவந்தார்.

1816ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் சுதந்திரர் என்று அவர்கள் தீர்மானித்துக் கையெழுத்திட்டனர். அந்த நாளைத் தெரிவு செய்தது இளவரச ஆட்சியாளரின் பிறந்தநாள் என்பதால். ஒல்லாந்தரைத் தொடர்ந்து மற்றச் சமூகங்களைச் சேர்ந்த உடைமையாளரும் இணைந்தனர்.

தீர்மானத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குழந்தை எசமானின் வீட்டிலேயே வளர வேண்டும். உணவும் உடையும் உறைவிடமும் அவர் கொடுப்பார். ஆண் பிள்ளைக்கு 14 வயதும் பெண் பிள்ளைக்கு 12 வயதும் நிறைந்ததும் முழு விடுதலை.

இதை முதன்முதல் வாசித்தபோது ஒரு வைத்தியராகவே என் மனம் கணக்குப் பார்த்தது. ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு பிறந்த குழந்தை அடிமை. மறுநாள் காலை பிறந்த குழந்தை சுதந்திரம் பெற்றது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காள் அடிமை, தங்கை சுதந்திரி. பால் கொடுக்கும் தாய் இன்னும் எசமானின் சொத்து, மடியில் கிடக்கும் பிள்ளை சொத்தல்ல. பிரசவ அறையில் நின்றவர் எவருக்கும் தெரியும், குழந்தை பிறக்கும் நேரம் தாயின் கையிலும் இல்லை, வைத்தியரின் கையிலும் இல்லை. ஒரு முழு வாழ்க்கை அந்த நேரத்தில் தங்கியிருந்தது. 12 வயதில் விடுதலை பெற்ற சிறுமி எங்கே போயிருப்பாள்? தாய் அந்த வீட்டிலேயே அடிமை. அவளும் அந்த வீட்டு அடுப்படியில்தான் நின்றிருப்பாள்.

இருந்தாலும் ஜோன்ஸ்டன் கை வைத்த இடம் சரியான இடம் என்றே எண்ணுகிறேன். அடிமைச் சட்டம் நின்றது தாயின் வயிற்றின் மேல். தேசவழமையும் சரி, ஒல்லாந்தரின் சட்டமும் சரி, மேலைநாட்டுத் தோட்டங்களின் சட்டமும் சரி, பிள்ளையின் நிலையைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்றன. ஒருவருடைய அடிமை ஆண் இன்னொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே சொந்தம். எனவே பெண் அடிமை எசமானுக்கு இரட்டை இலாபம், ஒன்று அவளுடைய உழைப்பு, மற்றது அவளுடைய கருப்பை. அந்த இரண்டாவது இலாபத்தை அறுத்தால் ஒரு தலைமுறையில் அடிமை முறை தானாக வற்றிவிடும். அதைத்தான் அவர் செய்தார்.

யாழ்ப்பாணத்தின் பெண் குழந்தைகள்

கொழும்பின் ஒல்லாந்தர் வீடுகளில் சாத்தியமானது, நெற்காணியும் பனங்காணியும் அடிமை உழைப்பில் தங்கியிருந்த வடக்கில் எளிதாக நடக்கவில்லை. அங்கே அரசு தலையிட வேண்டியிருந்தது. ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில், 1818இல் அடிமைகளைப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. அடுத்து 1821இல், யாழ்ப்பாணத்தில் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் குழந்தையை அரசாங்கமே பிறப்பின்போது விலை கொடுத்து மீட்கும் ஏற்பாடு வந்தது. எசமானுக்குக் கொடுக்கப்பட்ட விலை இரண்டோ மூன்றோ றிக்ஸ்டொலர். நம் முன்னோர் அதை இறைசால் என்றனர்.

பெண் குழந்தையை மட்டும் மீட்டதற்குக் காரணம் இரக்கம் அல்ல, கணக்கு. அவள் விடுதலை பெற்றால் அவள் வயிற்றில் பிறப்போர் எல்லாரும் விடுதலை பெறுவர். பெண் பிறந்துவிட்டதே என்று இன்றும் பெருமூச்சு விடும் உறவினரை மகப்பேற்று விடுதிகளில் பார்க்கிறோம். அந்த ஆண்டுகளில், அந்தக் குடிசைகளில், பெண் பிறந்தது என்ற செய்தி ஒரு வமிசத்தின் விலங்கு கழன்றது என்ற செய்தியாக இருந்தது. நம் சரித்திரத்தில் பெண் பிறப்பு இவ்வாறு மதிக்கப்பட்ட வேறு தருணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு வந்தபோது ஜோன்ஸ்டன் இங்கே இல்லை. நோய் காரணமாக ஊர் திரும்பி, 1819இல் பதவி துறந்திருந்தார். ஆனால் பிறப்போடு விடுதலை என்ற வழியைத் திறந்தவர் அவரே.

பிற்காலம்

இங்கிலாந்தில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1823இல் அரச ஆசியக் கழகத்தை நிறுவியோருள் ஒருவராகி அதன் துணைத் தலைவராக நீண்டகாலம் உழைத்தார். இலங்கையில் இருந்தபோது சேகரித்த மகாவம்சம் முதலிய நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1833இல் வெளிவந்தது. அது பிழைகள் மலிந்தது என்று பின்னர் ஜோர்ஜ் டேர்னர் காட்டினார் என்பதும் உண்மை. 1832இல் பிரித்தானிய மன்னரின் பிரிவுக் கவுன்சிலில் உறுப்பினரானார். மறு ஆண்டு அமைக்கப்பட்ட அதன் நீதிக்குழு, நம் நாட்டு வழக்குகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைவான காலம் இறுதி மன்றமாக இருந்தது.

1833இல் பிரித்தானியப் பேரரசின் அடிமைகளை விடுவிக்கும் பெரிய சட்டம் நிறைவேறியது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்க வழிவந்தோர் இலட்சக்கணக்கில் விடுதலை பெற்றனர். ஆனால் அந்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. இலங்கையில் அடிமை முறையை முற்றாக ஒழித்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1816இல் கருவுற்றிருந்த அடிமைத் தாய் ஒருத்தி, உயிரோடிருந்திருந்தால், தன் பிள்ளைக்கு 28 ஆண்டுகள் பிந்தித்தான் சுதந்திரம் கண்டிருப்பாள்.

சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1849 மார்ச் 6ஆம் திகதி லண்டனில் காலமானார். அவர் உடல் பிறந்த ஊரான கான்சலொக்கில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் காலமான அந்த ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலிகள், கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டு வழியே நடந்து, வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து மடிந்துகொண்டிருந்தனர். சட்டப்படி அவர்கள் அடிமைகள் அல்லர். ஆனால் கங்காணியின் கடனும் துண்டு என்ற கடன்சீட்டும் அவர்களைக் கட்டிவைத்தன. துண்டு முறை ஒழிந்தது 1921இல். அடிமை என்ற சொல்லை நீக்குவது எளிது, அந்த நிலையை நீக்க இன்னும் மூன்று தலைமுறை வேண்டியிருந்தது.

நமக்கு என்ன?

ஜோன்ஸ்டனை விடுதலை வீரராக மாலையிட்டு நிறுத்த நான் விரும்பவில்லை. அவர் பேசியது எசமானர்களோடு. அடிமைகளின் கருத்தை யாரும் கேட்டதாகத் தீர்மானங்கள் காட்டவில்லை. கையெழுத்திட்ட கனவான்களின் பெயர்கள் அச்சேறின. சுதந்திரமாகப் பிறந்த முதற் குழந்தையின் பெயரையோ அதைப் பெற்றவளின் பெயரையோ நாம் அறியோம். ஆயினும் பதவியில் இருந்த ஒருவர், தமக்கு இலாபமில்லாத ஒரு காரியத்துக்காக, தம்மைப் போன்றவர்களைப் பொறுமையாகப் பேசி இணங்க வைத்தார். பதவிகளில் இருக்கும் நம் பழைய மாணவியர் பலருக்கும் அது பயன்படும் பாடம்.

என் மருந்தகம் ஒருகொடவத்தையில் இருக்கிறது. கொள்கலன் லொறிகள் இரவு பகலாகத் துறைமுகத்துக்குப் போய்வரும் அந்தத் தெருவோரக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் வீட்டு வேலைக்கு வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். திரும்பி வந்தவர்களின் உடம்பைப் பரிசோதிக்கும்போது சில கதைகள் வெளிவரும். கடவுச்சீட்டை எசமானி வாங்கி வைத்துக்கொண்டது, சம்பளம் மாதக்கணக்கில் வராதது, கதவு வெளியே பூட்டப்பட்டது. இதை அடிமை முறை என்று சட்டம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் உறவுமுறையில் இதற்குச் சின்னம்மா மகள் என்று சொல்லலாம். நம் வீடுகளிலும் வேலைக்கு நிற்கும் மலையகத்துச் சிறுமிகளின் வயதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

கடைசியாக, ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் லண்டனிலும் கொழும்பிலும் இதை வாசிக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்கள் பலவற்றில் பூட்டியின் பூட்டி காலத்து ஓலை உறுதிகளும் சீதன உறுதிகளும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. காணி, நகை, மாடு என்ற வரிசையில் சிலவற்றில் அடிமைகளின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். வெட்கத்தால் அவற்றை எரித்துவிடாதீர்கள், செல்லரிக்கவும் விடாதீர்கள். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்திடமோ பல்கலைக்கழக நூலகம் ஒன்றிடமோ ஒப்படையுங்கள், குறைந்தது படமாவது எடுத்து வையுங்கள். ஜோன்ஸ்டனின் பெயர் புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர்கள் நம் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

நூறு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் இடாப்பில் எழுதி வைத்த பள்ளி நம் பள்ளி. அதன் பழைய மாணவியர் செய்யத் தகுந்த வேலை இது.